குடிக்க முடியாதது

என் மகன் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன். அவனுக்கு இருபத்தேழு வயதாகிறது, கப்பலில் ஃபிட்டர் வேலை. அவன் வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டது என் தங்கச்சியை. அவள் செத்து இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது.

துருப்பிடித்த பெயின்ட் டப்பா ஒன்றில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு செடி. இலையெல்லாம் பொடிப்பொடியாகக் கிழித்துவிட்ட மாதிரி இருந்தது. கீழே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர்: அப்சிந்தியா. அதற்கும் கீழே, "டீச்சர், இதுக்குத் தமிழ்ல என்ன பேரு? என்ன அர்த்தம்?"

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி இருந்தவரை அவன் போன் தினமும் வரும், ஆனால் அவளுக்கு வரும். நாங்கள் இரண்டு பேரும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள், அன்னவாசலில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அவள் அரைமணி நேரம் சிரித்துப் பேசுவாள். கடைசியில், "டீச்சர் நல்லாருக்காங்களா?" என்று அவன் கேட்பது ஸ்பீக்கரில் கேட்கும். அவள் போன பிறகு அந்த ஒரு வரியும் வருவதற்கு வழியில்லாமல் போயிற்று. அவனுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இப்போது சொல்லுக்குப் பொருள் கேட்கிறான். இருபத்தைந்து வருசம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்துவிட்டுப் போன வருசம்தான் ரிட்டயர் ஆனவளிடம், அதைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் பதில் இருந்திருக்காது.

என்ன செடி, எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். கப்பலை ரிப்பேருக்காகக் கிரேக்க நாட்டில் ஒரு துறைமுகத்தில் கரையேற்றி வைத்திருக்கிறார்களாம். அம்மா போனதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம், வயிறு சரியில்லையாம். அங்கே வாட்ச்மேனாக இருக்கும் ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, இந்தச் செடியிலிருந்து நாலு இலையைக் கிள்ளி வெந்நீரில் போட்டுக் கொடுத்தாராம். "செம கசப்பு டீச்சர்" என்று எழுதியிருந்தான். அப்சிந்தியா என்பது இப்போதைய பேச்சு, ரொம்பப் பழைய காலத்தில் அப்சிந்தியோன் என்று சொல்வார்கள் என்றும் அந்தப் பெரியவர் சொன்னாராம்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் புதுக்கோட்டையில் இருக்கிறார், கிறிஸ்தவர், படிப்பாளி. அவரைக் கூப்பிட்டேன். சொல்லைக் கேட்டதும், "அட, எங்க வேதத்துல வர்ற சொல்லாச்சே. தண்ணி கசந்து போகும்னு வர்ற எடம். தமிழ்ல எட்டின்னு போட்டிருக்காங்க" என்றார்.

எட்டி! எட்டிமரம் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் உண்டா? பழம் பார்க்க ஆரஞ்சுப் பழம் போல் மினுக்கும், கொட்டை விஷம். சின்ன வயதில் அந்த மரத்துப் பக்கம் போனாலே முதுகில் ஒன்று விழும். போட்டோவைத் திரும்பப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. "குடிக்காதப்பா, அது எட்டி, விஷம்" என்று எழுதி அனுப்பினேன். அது போதாதென்று குரல் பதிவு ஒன்று. அதுவும் போதாதென்று நாலு தடவை போன் அடித்தேன்.

அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டான். "டீச்சர், நேத்தே மூணு தடவ குடிச்சாச்சு. இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

"வெளாடாதப்பா. எட்டிமரம்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது."

"மரமா இருந்தா பெயின்ட் டப்பாவுல நிக்குமா? போட்டோவப் பாத்தீங்களா, இல்லையா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். தங்கச்சி செத்த பிறகு அவன் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் முட்டாளானதில் எனக்கு வருத்தமே இல்லை. இன்னும் நாலு தப்பு செய்தாலும் சரி, சிரிக்கட்டும் என்றிருந்தது.

அந்தச் சிரிப்புக்காகவே அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டேன். போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடினேன். அந்தக் காலத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கு இங்கே அந்தச் செடி கிடைத்திருக்காது. நம் ஊரில் ரொம்பக் கசப்பது எது என்று யோசித்து எட்டியைப் போட்டிருப்பார்கள். தப்பு சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் உண்மையில் அது எட்டிக்குச் சொந்தமே இல்லை. நம் பூக்கடையில் கதம்பத்தோடு கட்டித் தருகிற மருக்கொழுந்துக்குத்தான் சொந்தம். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மணக்கலாம், இன்னொன்றை வாயில் வைக்க முடியாது. இதைப் படித்ததும் எனக்கு என் தங்கச்சி ஞாபகமும் என் ஞாபகமும் வந்தன. வேறு யாருக்கும் வந்திருக்காது.

பொருள் என்ன என்று பார்த்தால், அங்கே ஒரே அடிதடி. குடிக்க முடியாதது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. இன்பமில்லாதது என்று இன்னொரு கூட்டம். இப்போது ஆராய்கிறவர்களோ, அது கிரேக்கச் சொல்லே இல்லை, கிரேக்கர்கள் வருவதற்கு முன்னால் அங்கே இருந்த யாரோ வைத்த பெயர், அவர்களுடைய பேச்சு அழிந்துவிட்டது, அதனால் பொருளைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள். பரீட்சைப் பேப்பரில் எவனாவது அப்படி எழுதியிருந்தால் நான் சைபர் போட்டிருப்பேன். கேட்டவன் மகன், அதனால் மூன்றையும் எழுதி அனுப்பினேன்.

"குடிக்க முடியாததுதான் கரெக்ட் டீச்சர்" என்று பதில் வந்தது.

நாலாவதாக ஒன்றும் படித்திருந்தேன், அதை அனுப்பவில்லை. அந்தப் பக்கத்து நாடுகளில் முன்பு குழந்தைக்குப் பால் மறக்கடிக்க அந்த இலைச் சாற்றைத்தான் தாய் மார்பில் தடவுவார்களாம். அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இவனுக்கு ஐந்து மாதம் ஆகும்போது இவன் அப்பா பைக்கில் போய் லாரியில் மோதிச் செத்துப்போனார். பதினாலு மாதம் ஆகும்போது எனக்கு வேலை உத்தரவு வந்தது, கடலோரம் ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அன்னவாசலிலிருந்து தினம் போய்வரக் கூடிய தூரமில்லை, பஸ் மாறி மாறிப் போனால் அரை நாள் ஓடிவிடும். அங்கேயே தங்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு டீச்சர்கள் தங்கியிருந்த ஒரு அறையில் மூன்றாவது ஆளாகத்தான் எனக்கு இடம் கிடைத்தது. பிள்ளையை எங்கே வைப்பது? தங்கச்சிக்குப் பிள்ளை இல்லை. "இங்கிட்டு விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கிறேன். ஒனக்கு வேலை வேணும்" என்றாள்.

பால் மறக்கடிக்க வேண்டுமே. அவள்தான் கொல்லை வேம்பிலிருந்து கொழுந்து பறித்து வந்து அம்மியில் அரைத்தாள். அரைத்துக் கையில் உருட்டிக் கொடுத்தாள். "தடவுறது நீதான்க்கா, அத மட்டும் என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு அங்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தடவிக்கொண்டு அவனை மடியில் போட்டேன். வாய் வைத்தான். முகம் சுருங்கியது. அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. வாயை எடுத்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் கையால் அந்தப் பச்சையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாய் வைத்தான். மறுபடியும் கசந்தது. மறுபடியும் என் முகத்தைப் பார்த்தான். அவன் அம்மாதானா என்று சரிபார்த்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவையும் துடைத்தான். மூன்றாவது தடவையும் வாய் வைத்தான். அதற்குப் பிறகு இறங்கித் தவழ்ந்து தங்கச்சி பக்கம் போய்விட்டான். திரும்பி என்னிடம் வரவே இல்லை. ஒரு வாரம் ஆகும், பத்து நாள் ஆகும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் முடிந்துவிட்டது. நான் கொல்லைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

பிள்ளை மறந்துவிட்டான், உடம்பு மறக்கவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம், ஏழாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கிறேன். வெளியே எவளோ இடுப்பில் தூக்கிக்கொண்டு போன குழந்தை அழுதது. எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தாலும் சொல்லவில்லை.

அறைக்கு வந்தால் பால் கட்டி வலி உயிர் போயிற்று, காய்ச்சலும் வந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண்மணி, அவர் தம்பி ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். மீன்பெட்டிக்குப் போடுகிற ஐஸில் ஒரு கட்டியை வாங்கிவரச் சொல்லி, உடைத்துத் துண்டில் சுற்றி என் மார்பில் வைத்தார். அதன் மேல் மல்லிகைப் பூவை வைத்து இறுக்கிக் கட்டினார். "பூ வச்சுக் கட்டுனா வத்திரும்மா. பொறுத்துக்கங்க" என்றார். பூவாசனையும் ஐஸில் ஒட்டியிருந்த மீன்வாசனையுமாக நாலு நாள் கிடந்தேன். அவர் சொன்னபடியே வற்றிவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை மல்லிகைப் பூவை மோந்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும். பூவே பிடிக்காத பொம்பளை என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர்.

சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவேன். தெருவில் நான் வருவதைப் பார்த்தால் பிள்ளைகள், "டீச்சர் வந்துட்டாங்க, டீச்சர் வந்துட்டாங்க" என்று கத்திக்கொண்டு ஓடும். ஒரு சனிக்கிழமை தங்கச்சி இடுப்பிலிருந்து இவனும் கையை நீட்டிக்கொண்டு, "தீச்சர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான். மழலையில் அவ்வளவு அழகாக இருந்தது. திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு என்று நானே நாலு தடவை சொல்ல வைத்தேன்.

என் வேலையே தப்பைத் திருத்துவதுதான். ஊரான் பிள்ளை ஒற்றெழுத்தை விட்டால் கையில் சிவப்புப் பேனாவோடு பாய்வேன். என் பிள்ளை என்னை அம்மா என்று சொல்லாமல் டீச்சர் என்று சொன்னதை அன்றைக்குத் திருத்தாமல் விட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பிறகு திருத்தப் பார்த்தபோது மை காய்ந்துவிட்டிருந்தது.

தங்கச்சியின் மேல் தப்பே இல்லை. "சித்தின்னு சொல்லுடா, அதுதான்டா அம்மா" என்று என்னைக் காட்டிக் காட்டிச் சொல்வாள். அவன் அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "நீதான் அம்மா" என்பான். ஆறு வருசம் கழித்து எனக்கு மாறுதல் கிடைத்து அன்னவாசல் பக்கம் வந்து சேர்ந்தேன். அப்போது அவனுக்கு எல்லாம் தெரியும், யார் பெற்றது, யார் வளர்த்தது என்று. தெரிந்து என்ன? அவளிடம், "அம்மா, நீ வா, சோறு போடு" என்பான். என்னிடம், "டீச்சர், நீங்க சாப்டீங்களா?" என்பான். ஊரில் எல்லாரும் மெச்சுவார்கள், பெற்ற தாயிடம் எவ்வளவு மரியாதை என்று. அந்த மரியாதையை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? எந்த வீட்டிலாவது பிள்ளை அம்மாவை நீங்க என்று சொல்வானா? ஒரே ஒரு தடவை என்னிடம் எரிந்து விழுந்து, போ அங்கிட்டு என்று அவன் சொல்ல மாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன்.

எட்டி நில் என்கிற எட்டியும், எட்டிமரத்து எட்டியும் வேறு வேறு சொல். வகுப்பில் நூறு தடவை அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கு டீச்சர் எட்டி என்று சொன்னபோது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

தங்கச்சி திடீரென்று போனாள். காலையில் துணி காயப் போட்டவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. கப்பல் நடுக்கடலில் இருந்தது, அவனால் வர முடியவில்லை. எடுப்பதற்கு முன்னால் வீடியோ காலில் முகத்தைக் காட்டச் சொன்னான். போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "அம்மா, அம்மா, என்னயப் பாரும்மா" என்று கதறினான். அந்தக் குரல் என் கைக்குள்ளிருந்து வந்தது. என் தங்கச்சியின் பிணத்தின் முன்னால் நின்றுகொண்டு, அந்தச் சொல் என் பக்கம் திரும்பாதா என்று நான் நினைத்தேன். அந்த இடத்தில் அப்படி நினைத்த என்னை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ரிப்பேர் முடிந்து, ஒப்பந்தமும் முடிந்து, போன மாதம் வந்தான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. வாசலில் நின்று, "வந்துட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போனான். தங்கச்சி படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். நான் அடுப்படியில் இல்லாத வேலையெல்லாம் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். காய்ந்த சாம்பல் நிற இலை. வாட்ச்மேன் பெரியவர் கொடுத்தனுப்பினாராம். "வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. டீச்சர் இருக்காங்கன்னு சொன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல" என்றான்.

"கொஞ்சம் போட்டுக் கொடேன், பாப்போம்" என்றேன்.

அவனே வெந்நீர் வைத்தான். தங்கச்சி அடுப்படியில் எது எங்கே இருக்கும் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தான். ஒரு வாய் குடித்தேன். நாக்கு மட்டுமில்லை, காது வரைக்கும் கசந்தது. அந்தக் கசப்பு கொடுத்த தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"ஒனக்குப் பால் மறக்கடிக்க நான் வேப்பங்கொழுந்தத் தடவுனேன். தெரியுமா?"

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அம்மா சொல்லுச்சு. மூணு தடவ தொடச்சு விட்டுட்டு வந்தேனாமே." டம்ளரைத் தரையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். "நீங்க தொட்டிக்குப் பின்னாடி போய் அழுததும் சொல்லுச்சு. ஒங்கள அம்மான்னு கூப்புடச் சொல்லி என்னைய அடிச்சிருக்கு. நெறைய தடவ. எனக்கு வாய் வரல டீச்சர். இப்பவும் சொல்லிப் பாத்தேன், கப்பல்ல, தனியா. அம்மான்னு சொன்னா அது மொகம்தான் வருது."

அவள் அடித்தது எனக்குத் தெரியாது. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதில் பேசினால் அழுகை வரும், அழுதால் அவன் பயந்துவிடுவான். டம்ளரைத் தூக்கி மளமளவென்று குடிக்க ஆரம்பித்தேன். சூடு நாக்கைச் சுட்டது, இருமல் வந்தது.

அவன் பதறிப்போய் என் முழங்கையைப் பிடித்தான்.

"மெதுவா குடி" என்றான்.

குடி. ங்க இல்லாமல், மொட்டையாக. என் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் கவனித்துவிட்டான். காது மடல் சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டான்.

"குடிங்க டீச்சர்" என்றான்.

மிச்சத்தையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். இருபத்தைந்து வருசம் ஊரார் பிள்ளைகளின் பிழையையெல்லாம் திருத்தியவள் நான். என் பிள்ளை செய்த அந்த ஒரு பிழையை, அவன் திருத்தாமல் விட்டிருக்கலாம்.